லிமிட் ஆயிப்போச்சுங்க

எனக்குக் கோபம் நிறைய வரும். ஆனால் அந்தச் சங்கதி என் வாய்க்குத் தெரியாது. மனசுக்குள் ஒருவரைக் கிழி கிழி என்று கிழித்துக்கொண்டிருக்கும்போதே வாய் பாட்டுக்கு "சேரிங்க, பரவாயில்லீங்க, வெச்சுக்குங்க" என்று பேசிக்கொண்டிருக்கும். விவாகரத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்த அன்றைக்கு, எதிர்த்தரப்பு வக்கீலிடம் "சாப்ட்டீங்களாங்க?" என்று கேட்டவள் நான். அந்த ஆள் பாவம், இதில் ஏதோ வில்லங்கம் இருக்குமென்று ஃபைலை இன்னொரு தடவை புரட்டிப் பார்த்தார்.

இப்படிப்பட்ட வாயை வைத்துக்கொண்டு சொந்தமாக வண்டி ஓட்டும் தொழிலில் இறங்கியது என் தைரியமா திமிரா என்று இன்னும் எனக்கே பிடிபடவில்லை. கோயமுத்தூர் கணபதியில் ஒரு மோட்டார் கம்பெனியில் சரக்கு அனுப்பும் பிரிவில் இருந்தேன். கம்பெனியை வேறு மாநிலத்துக்கு மாற்றினார்கள். ஆட்களை மாற்றவில்லை. எந்தச் சரக்கு எந்த ஊருக்கு எந்த வண்டியில் போகிறது என்று பதினைந்து வருஷம் பார்த்தவள்தானே, நாமே ஒரு வண்டி போட்டால் என்ன என்று தோன்றியது. பின்னால் இரும்புக் கூண்டு கட்டிய சின்ன வேன் ஒன்றைச் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். கதவில் "வசுமதி பார்சல் சர்வீஸ்" என்று எழுதச் சொன்னேன். பெயிண்டர் கூடவே ஒரு ரோஜாப்பூவும் வரைந்து வைத்துவிட்டான். வேண்டாம் என்று அவனிடமும் சொல்லவில்லை.

பல்லடம், தாராபுரம், பொள்ளாச்சி என்று மூன்று பக்கமும் ஓடினேன். கோயமுத்தூரிலிருந்து பம்பு உதிரிபாகம், கிரைண்டர், மோட்டார். அங்கிருந்து திரும்பும்போது துணிக்கட்டு, கொப்பரை, வெல்லம். தனியாக ஓட்டுவது எனக்குப் பழகிவிடும் என்று நினைத்தேன். பழகவில்லை. காலையில் சிங்காநல்லூரில் வீட்டைப் பூட்டினால் ராத்திரி திறக்கும்வரை என்னிடம் பேசுகிறவர்கள் எல்லோர் கையிலும் ஒரு பொட்டலம் இருக்கும். பொட்டலம் இல்லாமல் யாரும் பேசமாட்டார்கள்.

அந்தப் பேச்சுக்காகவே நான் எல்லாவற்றையும் ஏற்றினேன். அதுதான் உண்மை. கடைக்காரர் பில்லுக்குரிய சரக்கை ஏற்றி முடித்ததும் மெதுவாக ஆரம்பிப்பார்.

"ஏனுங்க அம்மணி, தாராவரம் தானுங்களே போறீங்க? அங்க என்ற மச்சான் ஊட்டுக்கு ஒரு தவுட்டு மூட்டைங்க. போற வண்டிதானுங்களே."

"வெச்சுக்குங்க."

"பாதி வண்டி காலியாத்தான் கெடக்குதுங்க. இந்தக் கிரைண்டரையும் அப்பிடியே ஓரத்துல…"

"வெச்சுக்குங்க."

வெச்சுக்குங்க என்று சொன்னதும் அவர்கள் முகம் மலரும். டீ வரும். பிள்ளைகள் எத்தனை, எந்த ஊர் என்று விசாரிப்பார்கள். கிளம்பும்போது பார்த்துப் போங்க அம்மணி என்பார்கள். பார்த்துப் போகச் சொல்ல ஒரு ஆள் இருக்கிறார் என்று மகிழ்ந்து, ஒரு தவிட்டு மூட்டையைக் கூடுதலாகச் சுமந்துகொண்டு போவேன்.

பல்லடம் தாண்டித் தாராபுரம் ரோட்டில் ஒருநாள் பின்பக்கம் பட்டென்று ஒரு சத்தம். வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. இறங்கிப் பார்த்தால், பின்சக்கரத்துக்கு மேலே வண்டியைத் தாங்குகிற கமான் பட்டை இரண்டாக ஒடிந்து கிடந்தது. உள்ளே பம்பு வார்ப்படங்கள் தரையை மட்டும்தான் மூடியிருந்தன. அதற்கு மேலே நின்று டான்ஸ் ஆடலாம், அவ்வளவு காலி இடம். இடம் வேறு, எடை வேறு என்று எனக்கு உறைத்தது அந்த ரோட்டோரத்தில்தான்.

மெக்கானிக் வரும்வரை போனைத் திறந்து யாரையாவது கூப்பிடலாம் என்று பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனேன். எல்லாம் டிரேடர்ஸ், ஏஜென்சீஸ், என்ஜினியரிங் ஒர்க்ஸ். தம்பி ஐதராபாத்தில். அவனைக் கூப்பிட்டால் அப்பவே சொன்னேனே என்பான். மகளுக்கு அடித்தேன். வகுப்பில் இருந்திருப்பாள், எடுக்கவில்லை. வண்டி நிழலில் உட்கார்ந்து கொண்டுபோயிருந்த தயிர்சாதத்தைச் சாப்பிட்டேன்.

பட்டை மாற்றிய கையோடு, காலி வண்டியை எடை மேடைக்கு ஓட்டிப்போனேன். ஆர்.சி.யில் மொத்த எடை ஆயிரத்து அறுநூறு, காலி வண்டி எண்ணூற்றைம்பது என்று இருந்தது. மிச்சம் எழுநூற்றைம்பது கிலோ ஏற்றலாம் என்றுதான் அதுவரை என் கணக்கு. மேடையில் ஏறி நின்றால் ஆயிரத்து முப்பது காட்டியது! மிஷின் ரிப்பேர் என்று நினைத்தேன். மிஷின் சரியாகத்தான் இருந்தது. முந்தின சொந்தக்காரர் கட்டிய இரும்புக் கூண்டு, தட்டுகள், ஸ்டெப்னி, டேங்க் நிறைய டீசல், அப்புறம் நான். எல்லாம் போக எனக்கு அனுமதித்த பாரம் ஐந்நூற்று எழுபதுதான். நான் இத்தனை நாளும் என்னைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

"எறங்கிப் பாருங்க" என்றார் மேடைக்காரர். இறங்கினேன். எண் குறைந்தது. நான் இருப்பதற்கும் இல்லாததற்கும் உலகத்தில் ஒரு வித்தியாசம் இருக்கிறது என்று ஒரு மிஷினாவது சொன்னதே என்று சந்தோஷமாகத்தான் இருந்தது.

அதன்பிறகு எனக்கு ஒரு மந்திரம் கிடைத்தது. கடைக்காரர் தவிட்டு மூட்டையோடு வந்தால், "லிமிட் ஆயிப்போச்சுங்க" என்பேன். மாட்டேன் என்று சொல்ல என் வாய்க்கு வராது. இது மாட்டேன் இல்லை பாருங்கள். மறுப்பது நானில்லை, ஆர்.சி. புத்தகம். யாருக்கும் வருத்தமில்லை. "சேரிங்க" என்று சொல்லிவிட்டு மூட்டையோடு வேறு வண்டி பார்க்கப் போய்விடுவார்கள். டீயும் வராது, அது வேறு விஷயம். உண்மையில் லிமிட் ஆகாதபோதும், ஆள் பிடிக்காவிட்டால், இதையே சொல்ல ஆரம்பித்தேன். நாற்பத்திரண்டு வயதில் ஒருத்திக்கு முதல்முறையாக மறுக்கத் தெரிந்தால் கொஞ்சம் ஆடத்தானே செய்வாள்.

என் மகள் ஷ்ரவ்யா அவள் அப்பாவோடு பொள்ளாச்சியில் இருந்தாள். பிரிந்தபோது அவளுக்குப் பதினொரு வயது. பள்ளிக்கூடம் அங்கே, சிநேகிதிகள் அங்கே, தோப்பும் வீடும் அங்கே. என்னிடம் ஒரு அறையும் ஒரு ஸ்டவ்வும்தான் இருந்தன. அவளே யோசித்து, "நான் இங்கயே இருந்துக்கிறேனுங்கம்மா" என்றாள். சேரி கண்ணு என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸில் உக்கடம்வரை அழுதுகொண்டே வந்தேன்.

வாரம் ஒருமுறை போன் பேசுவாள். நாங்கள் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். அவள் மாடிக்குப் போய்ப் பேசினால் தெலுங்கு வரும். கூடத்தில் நின்று பேசினால் தமிழ். எதில் பேசினாலும் சாப்பிட்டாயா, படித்தாயா என்பதோடு பேச்சு தீர்ந்துவிடும். அப்படி ஒருநாள் பேச ஒன்றுமில்லாமல்தான் அவளிடம் பாரக் கணக்கைச் சொன்னேன். பிடித்துக்கொண்டாள்! கணக்கில் புலி. இன்றைக்கு என்ன ஏற்றினீர்கள் என்று கேட்பாள். பத்து கிரைண்டர், நான்கு மோட்டார் என்று சொன்னால், இந்தப் பக்கம் கூட்டிக் கழித்து, "இன்னும் எம்பது கிலோ மிச்சம் இருக்குதுங்கம்மா" என்பாள். வண்டியில் யாராவது கூட வந்தால் அவர்களையும் சேர்க்கணும் என்று ஒருநாள் சொன்னேன். "ஆளுக்கும் எடை போடணுங்களா?" என்று ஒரே சிரிப்பு. வாரத்தில் அந்தப் பத்து நிமிஷம்தான் எனக்கு வாழ்க்கையாக இருந்தது.

போன ஆடியில் கோயமுத்தூர்க் கல்லூரி ஒன்றில் அவளுக்கு இடம் கிடைத்தது. ஹாஸ்டல் என்று அந்த வீட்டில் முடிவு செய்திருந்தார்கள். அம்மா வீடு அதே ஊரில் இருக்கிறதே என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. வாய் வரவில்லை. ஆனால் கால் சும்மா இல்லை. அந்த வாரமே இரண்டு அறை உள்ள வீட்டுக்கு மாறினேன். ஜன்னலோரமாக ஒரு மேசை போட்டேன். அவளிடம் சொல்லவில்லை.

அப்போதுதான் அவளே கேட்டாள். "அம்மா, சாமானெல்லாம் உங்க வண்டியிலயே ஏத்திப்போட்டு நானும் உங்ககூடவே வந்தரட்டுங்களா? அப்பாவும் சித்தியும் கார்ல வந்து பணத்தைக் கட்டிக்கிறாங்களாமா."

பொள்ளாச்சியிலிருந்து கோயமுத்தூர் ஒரு மணி நேரம். ஏழு வருஷத்தில் அவளும் நானும் மட்டுமாக ஒரு மணி நேரம் இருந்ததில்லை. வண்டிக் கதவைச் சாத்தியதும் தெலுங்குக்கு வந்துவிடுவோம். கிணத்துக்கடவு தாண்டியதும் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். ஹாஸ்டல் வேண்டாம், என்னோடு வந்து இரு. ஹாஸ்டலில் பணம் கட்டுவதற்கு முன்னால் கேட்டாக வேண்டும். அந்த வீட்டில் வைத்துக் கேட்க முடியாது. போனில் கேட்டால் மழுப்பிவிடுவேன். ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டால் கேட்டுவிடலாம்.

பக்கத்து சீட்டில் கிடந்த கயிறு, தார்ப்பாய், பில் கட்டு எல்லாவற்றையும் எடுத்துப் பின்னால் போட்டேன். சீட்டுக்குப் புது உறை தைத்தேன்.

அன்றைக்குக் காலையில் பொள்ளாச்சிக் கடைக்கு மோட்டார் இறக்கிவிட்டுத் திரும்பும்போது கொப்பரை வியாபாரி செங்கோட்டையன் வழியில் கையைக் காட்டினார்.

"அம்மணி, வெறும் வண்டியாத்தானுங்களே போறீங்க? பத்து மூட்டை இருக்குதுங்க."

"இன்னைக்கு லிமிட் ஆயிப்போச்சுங்க."

அவர் வண்டிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "ஒண்ணையுங் காணமுங்களே."

"இனித்தானுங்க ஏத்தோணும். என்ற புள்ளையும் கூட வருதுங்க."

"புள்ளைக்கெல்லாம் எடை போடுவீங்களா?"

"போடோணுங்க. நாப்பத்தேழு கிலோங்க" என்று பெருமையாகச் சொன்னேன். அந்த மனிதருக்கு ஒன்றும் புரியவில்லை. சேரிங்க என்று சொல்லிவிட்டுப் போனார்.

பொள்ளாச்சி தாண்டி ஆனைமலைப் பக்கம் அவர்கள் தோப்புவீடு. என் முன்னாள் கணவர் ஸ்ரீனிவாஸ் வாசலுக்கு வந்து, "வாங்க வசுமதி" என்றார். ஒரு காலத்தில் ஏய் என்று கூப்பிட்டவர். அவருடைய இரண்டாம் மனைவி ஹாரிகா ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். "வாங்கக்கா, மொதல்ல காப்பி குடிங்க. எளச்சுப்போயிட்டீங்களே." அவள் கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும். அவள் நல்லவள். ஷ்ரவ்யாவுக்குத் தலைபின்னி, காய்ச்சலுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தவள். அந்த வீட்டில் எல்லோரும் தங்களுக்குள் தெலுங்குதான் பேசுவார்கள். நான் உள்ளே நுழைந்தால் தமிழுக்கு மாறிவிடுவார்கள். விருந்தாளியிடம் பேசுகிற தமிழ். நானும் அதே தமிழில் பதில் சொல்வேன்.

சாமான்களை ஏற்றினோம். ஒரு பெட்டி, மெத்தை, புத்தகங்கள், பக்கெட், ஃபேன். ஷ்ரவ்யா தன் கைப்பையை முன்சீட்டில் வைத்துவிட்டு அவளும் ஏறி உட்கார்ந்துகொண்டாள். புது உறையைத் தடவிப் பார்த்தாள்.

"அம்மா, இப்ப எத்தனை மிச்சமுங்க?"

"உன்னையும் சேத்தி நானூத்தம்பது."

"நெம்ப லோடு கம்மி" என்று சிரித்தாள். ஸ்டியரிங்கில் கை வைத்தபோதே எனக்கு வண்டியை எடுத்துவிடவேண்டும் போலிருந்தது. எடுத்திருக்க வேண்டும்.

"இருங்கக்கா, இருங்க" என்று ஹாரிகா வந்தாள். பின்னாலேயே தோப்பு ஆள் ஒருவர் தலையில் தேங்காய் மூட்டையோடு. "வெறும் வண்டியா அனுப்புனா நல்லாருக்குங்களா? ஹாஸ்டல் வார்டனுக்கு ஒரு மூட்டைங்க."

"வெச்சுக்குங்க."

"உங்க ஊட்டுக்கு ரெண்டு மூட்டைங்க."

ஒற்றை ஆளுக்கு இரண்டு மூட்டைத் தேங்காய். நான் என்ன கல்யாணமா நடத்துகிறேன்? ஏழு வருஷமாக அந்தத் தோப்புத் தேங்காயைத் தொடாமல் சிங்காநல்லூர்ச் சந்தையில் விலை கொடுத்து வாங்குகிறவள் நான். "எதுக்குங்க இத்தனை" என்றேன். வாய் அதற்குமேல் போகவில்லை.

"உங்க ஊட்டு ஓனருக்கு ஒண்ணு குடுங்கக்கா. அப்பறம் பீளமேட்டுல எங்கம்மா ஊட்டுக்கு ரெண்டு மூட்டையும் ஒரு சிப்பம் அரிசியுமுங்க. ஒரு வெல்லப்பெட்டி. போற வண்டிதானுங்களே."

அந்த வார்த்தை என் உச்சிமண்டையில் ஏறியது. என் புருஷன், என் வீடு, என் பிள்ளையின் தலைப்பின்னல் எல்லாம் போய், கடைசியில் இவள் அம்மா வீட்டுக்கு மூட்டை சுமக்கிற வண்டியாகவும் ஆகிவிட்டேனா? மனசுக்குள் ஹாரிகாவைக் கிழித்துத் தோரணம் கட்டினேன். அவள் சிரித்த முகத்தோடு ஏழாவது மூட்டைக்குக் கையசைத்தாள்.

"லிமிட் ஆயிப்போச்சுங்க" என்றேன்.

சொன்னது பொய். ஆறு மூட்டை, அரிசி, வெல்லம், என் மகள் எல்லாம் சேர்ந்தும் நூறு கிலோவுக்கு மேல் மிச்சம் இருந்தது. ஸ்ரீனிவாஸ் லாரி லாரியாகத் தேங்காய் அனுப்புகிறவர். பாரத்துக்கு அமுங்காத பின் டயரை ஒரு பார்வை பார்த்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். என் பொய்யைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவருக்கும் அந்த மரியாதை உண்டு.

ஹாரிகா பதறினாள். "அய்யோ, தெரியாம எச்சா ஏத்திப்போட்டனுங்களேக்கா."

முன்சீட்டுக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. ஷ்ரவ்யா கைப்பையோடு கீழே இறங்கி நின்றாள்.

"அப்ப நான் அப்பா கார்லயே வாரேனுங்கம்மா. நாப்பத்தேழு கிலோ கொறையுமில்லீங்க" என்றாள். சித்தியிடம் திரும்பி, "ஆளுக்கும் எடை உண்டுங்க சித்தி, நெறையப் பேருக்கு இது தெரியாது" என்றாள். நான் கற்றுக்கொடுத்ததை நாலு பேர் முன்னால் சொல்லிவிட்ட பெருமை அவள் முகத்தில் அப்படியே இருந்தது. எனக்கு உதவி செய்கிறாளாம்.

"அதெல்லா வேண்டாங்கக்கா" என்றாள் ஹாரிகா. "ரெண்டு மூட்டைய எறக்கிப்போடலாம். உங்ககூட வாரேன்னு புள்ள காத்தாலருந்து சொல்லிட்டே இருந்துதுங்க."

இறக்குங்கள் என்று சொல்ல வேண்டியதுதானே? சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. முதல் தடவை கேட்டால் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். காப்பியோ, சோறோ, உதவியோ, எதுவானாலும் சரி. இரண்டாம் தடவை கேட்பார்கள். அப்போது சரி என்று சொல்லிக்கொள்ளலாம். முதல் தடவையே சரி என்று சொல்கிறவளை அலைகிறவள் என்பார்கள். அதுவும் அந்த வீட்டு வாசலில், அந்தப் பெண்ணிடம்.

"அய்யோ, ஏத்துனத எறக்கறதாவதுங்க? இருக்கட்டுங்க" என்றேன்.

ஹாரிகா இரண்டாம் தடவை கேட்க வாயைத் திறந்தாள். சத்தியமாகத் திறந்தாள், நான் பார்த்தேன். அதற்குள் ஸ்ரீனிவாஸ் காரை எடுத்துவிட்டார். "நேரமாச்சு, ஹாஸ்டல் ஆபீஸ் பூட்டிருவாங்க" என்றார். இரண்டு பேரும் ஏறினார்கள். ஷ்ரவ்யா ஜன்னல் வழியே கையை ஆட்டினாள். "மெதுவா வாங்கம்மா, லோடு இருக்குது."

கார் முன்னால் போனது. கொஞ்ச நேரம் தெரிந்தது, அப்புறம் தெரியவில்லை. கூப்பிடலாம் என்று போனை எடுத்தேன். அந்தக் காரில் போன் வந்தால் எல்லோருக்கும் கேட்கும்படி பேசும். என்னவென்று சொல்வது? பொய் சொன்னேன், திரும்பி வா என்றா? போனைப் பக்கத்து சீட்டில் போட்டேன்.

கிணத்துக்கடவு வந்தது. தாண்டினேன். கேட்க வேண்டியதைத் தெலுங்கில் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். ஹாஸ்டல் வேண்டாம்மா, என்னோடு வந்து இரு. ஜன்னலோரம் மேசை போட்டிருக்கிறேன். எவ்வளவு சுலபமாக வந்தது! கேட்க ஆள் இல்லாதபோது என் வாய் நன்றாகத்தான் பேசுகிறது. வண்டியை ஓரம் கட்டி, ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேன். பின்னால் வந்த பஸ்காரர் எரிச்சலோடு ஹாரன் அடித்தார். கையைக் காட்டி மன்னிப்புக் கேட்டுவிட்டு மறுபடி கிளம்பினேன்.

நான் போய்ச் சேரும்போது பணம் கட்டியாகிவிட்டது. அறை எண்ணும் சாவியும் அவள் கையில் இருந்தன. ஸ்ரீனிவாஸ் ஆபீஸில் ஏதோ கையெழுத்துக்கு நின்றார். ஹாரிகா பக்கெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்குப் பக்கத்தில் காத்திருந்தாள். நானும் ஷ்ரவ்யாவும் மெத்தையை இழுத்து இறக்கினோம். வண்டிக்குள் இருந்த மூட்டைகளை அவள் நின்று பார்த்தாள். உதடு அசைந்தது. எண்ணுகிறாள் என்று தெரிந்தது.

பக்கத்தில் வந்து, தணிந்த குரலில், தெலுங்கில் கேட்டாள். "அம்மா, கார்ல வரும்போது கணக்குப் போட்டுப் பார்த்தேன். எப்படிப் போட்டாலும் எனக்கு இடம் இருக்கே. நான் வரவேண்டாம்னு நினைச்சீங்களா?"

நான் நிமிர்ந்து பார்த்தேன். நாலடி தூரத்தில் ஹாரிகா பக்கெட்டோடு நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கும் தெலுங்கு தெரியும். உன் தேங்காய் எனக்கு வேண்டாம் என்பதைத்தான் நான் அப்படிச் சொன்னேன் என்று அவள் முன்னால் எப்படிச் சொல்வது? அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

"அதெல்லாம் இல்ல கண்ணு" என்றேன், தமிழில். "பின் டயரு கொஞ்சம் மோசம். அதானுங்க."

என் மகளிடம் நான் 'ங்க' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. ஷ்ரவ்யா டயரைக் குனிந்து பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்தாள்.

"சேரிங்கம்மா" என்றாள், அவளும் தமிழில்.

தவிட்டு மூட்டையைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வேறு வண்டி பார்க்கப் போகிறவர்கள் சொல்கிற அதே சேரிங்க. கோபம் இல்லை, கேள்வி இல்லை. மெத்தையின் ஒரு முனையை அவள் பிடித்தாள். நான் மறுமுனையைப் பிடிக்கப் போனேன்.

"நீங்க இருங்கக்கா, காத்தாலருந்து ஓட்டிட்டு வந்திருக்கீங்க" என்று ஹாரிகா வந்து வாங்கிக்கொண்டாள். இரண்டு பேரும் படியேறினார்கள். முதல் திருப்பத்திலேயே தெலுங்கில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். எனக்குக் கீழே நின்றபடி கேட்டது.